முள்ளந்தண்டு விலங்குகளின் கூர்ப்பு: ஒரு நோக்கு

விலங்குலகில் முள்ளந்தண்டுள்ளவை சிறுபான்மையினவே. அறியப்பட்ட விலங்கினங்களுள் அவற்றின் பங்கு ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து மட்டுமே. ஆயினும் கடலிற் பெரிய நீலத் திமிங்கிலமும் தரையிற் பெரிய யானையும் இச்சிறுபான்மையையே சார்ந்தவை. இவ்வரலாற்றை ஆராயும் மனிதனும் இதனைச் சார்ந்தவனே. அதனாற்போலும், அதனை மீனிலே தொடங்கி மனிதனிலே முடியும் ஓர் ஏணியாகக் காண்பது நெடுங்கால வழக்கமாயிற்று. அவ்வழக்கம் எத்துணைப் பொருத்தமானது என்பதை இவ்விலங்குகளின் உடலமைப்பே உணர்த்தவல்லது.

முள்ளந்தண்டே இவற்றின் சிறப்பியல்பு எனப் பெயர் கூறுகின்றது. எனினும் பெயர் முழுமையும் கூறவில்லை. தாடையற்ற ஹக்மீனில் மண்டையோடு உண்டு. முள்ளந்தண்டோ அரும்பு நிலையிலேயே உள்ளது. இவ்விலங்குகள் யாவும் முதுகுநாணுள்ளவை என்னும் பெருங் கணத்தின் ஒரு பிரிவு. முதுகுப்புறத்தே நீளும் மீள்தன்மையுள்ள நாண், அதன்மேல் உட்குழிவுடைய நரம்புவடம், தொண்டையின் பக்கப் பிளவுகள், குதத்துக்கு அப்பாலும் நீளும் வால் ஆகிய நான்கும் அக்கணத்தின் பொது இயல்புகளாம். முள்ளந்தண்டு விலங்குகளுக்கே உரித்தான இன்னொன்று நரம்புமுடிக் கலங்கள். முளைய நிலையில் நரம்புவடத்தின் அருகே தோன்றி உடலெங்கும் பரவும் இக்கலங்களே முகத்தின் என்புகள், தோலின் நிறக்கலங்கள், பல நரம்புகள் ஆகியவற்றுக்கு மூலமாகின்றன.

இக்கணத்தின் தொடக்கம் மிகத் தாழ்மையானது. சீனாவின் யுனான் மாகாணத்துப் பாறைகளிற் கிடைத்த சிறு மீன்போன்ற உயிர்ச்சுவடுகள் ஏறத்தாழ 52 கோடி ஆண்டுகள் பழமையானவை. கனடாவிற் கிடைத்த பிகையா என்னும் சிற்றுயிரை 1911இல் விவரித்த வோல்கொற், அதனைப் புழுவினத்திலே சேர்த்தார். அது முதுகுநாணுள்ளதாக இருக்கலாம் என்னும் கருத்து 1970களின் இறுதியிலேயே வலுப்பெற்றது. பிற்காலத்து யானையும் திமிங்கிலமும் இத்தகைய சிற்றுயிர்களின் உறவினத்தினின்றே கிளைத்தன.

பின்னர் நிகழ்ந்த பெரும் மாற்றங்களில் ஒரு பொதுத்தன்மை உண்டு. இயற்கை புதிய உறுப்பொன்றை வெறுமையினின்று ஆக்குவதில்லை. இருக்கும் உறுப்பையே வேறு பணிக்குத் திருத்திக்கொள்கின்றது. முதல் மீன்களுக்குத் தாடை இல்லை. பூக்களைத் தாங்கிய வளைவுகளுள் முன்னுள்ளதே தாடையாயிற்று என்பது நெடுங்காலமாக நிலவிவரும் கருத்து. இரையைக் கவ்வும் ஆற்றல் வந்ததும் கடலின் வாழ்க்கை முறையே மாறிற்று.

தரையேற்றமும் அவ்வாறானதே. கனடாவின் வடகோடியிலுள்ள எல்ஸ்மியர் தீவிலே 2004இல் திக்தாலிக் என்னும் உயிர்ச்சுவடு கண்டெடுக்கப்பட்டது. ஏறத்தாழ 37½ கோடி ஆண்டுகட்கு முன் வாழ்ந்த இவ்வுயிர் செதிலும் செட்டையும் உடைய மீனே. ஆனால் அதன் செட்டையினுள்ளே புயவென்பும், ஆரையும் அரந்தியும், மணிக்கட்டை ஒத்த மூட்டும் இருந்தன. தலையை அசைக்கக் கழுத்தும் இருந்தது. கால் தரையிலே தோன்றவில்லை; நீரிலேயே உருவாகிப் பின்னர் தரைக்குப் பயன்பட்டது என்பது இதனாற் புலப்படுகின்றது.

தரைக்கு வந்த பின்னும் இனப்பெருக்கம் நீரை விடவில்லை. முளையத்தைச் சூழ்ந்து நீர் தேங்கும் சவ்வும், அதனைக் காக்கும் ஓடும் தோன்றியபோது, குளத்தையே முட்டைக்குள் அடைத்தாற்போலாயிற்று. ஊர்வன, பறவைகள், முலையூட்டிகள் மூன்றும் இவ்வழி வந்தவை. ஆனால் இஃதொன்றே வழியன்று. இலங்கையின் ஈரவலயக் காடுகளில் வாழும் புதர்த்தவளைகள் ஈரமண்ணிலோ இலையிலோ முட்டையிடுகின்றன. வாற்பேய்ப் பருவம் முட்டைக்குள்ளேயே கழிய, சிறு தவளையே வெளிவருகின்றது. ஊர்வன கண்ட தீர்வைத் தவளைகள் வேறு வகையாற் கண்டுள்ளன. எனவே தவளையை ஊர்வனவாக மாறத் தவறிய விலங்காகக் கருதுதல் தகாது.

திருத்தியமைத்தலின் சிறந்த சான்று மனிதனின் செவியிலேயே உண்டு. நடுச்செவியின் சிற்றென்புகள் மூன்றில் இரண்டு, ஊர்வனவற்றில் தாடை மூட்டாக விளங்குவன. முளையங்களை ஆராய்ந்த றைக்கேட் 1837இலேயே இத்தொடர்பைக் காட்டினார். மூன்றாவது, மீன்களில் தாடையைத் தாங்கும் என்பு. உண்ண உதவியது கேட்க உதவலாயிற்று.

மனிதன் கையிலும் வௌவாலின் சிறகிலும் திமிங்கிலத்தின் துடுப்பிலும் ஒரே என்பொழுங்கு காணப்படுவதை றிச்சாட் ஓவின் 1849இல் விரிவாக எடுத்துரைத்தார். அதனை மூலமாதிரி ஒன்றின் வெளிப்பாடென அவர் கொண்டார். பத்தாண்டுகளின் பின் டார்வின் அதே ஒழுங்கைப் பொது மூதாதையரின் அடையாளமாக விளக்கினார். சான்று ஒன்றே, விளக்கம் வேறாயிற்று. மூலமாதிரிக்கு அமைந்த உடலிற் குறை இருப்பதற்குக் காரணமில்லை. மூதாதையரிடம் பெற்ற உடலிற் குறை இருப்பது இயல்பு. நாற்கால் விலங்கிற் கிடைநிலையில் உடலைத் தாங்கிய முள்ளந்தண்டு, மனிதனில் நிமிர்ந்து நின்று முழுப் பாரத்தையும் சுமக்கின்றது. முள்ளென்புகளுக்கிடையிலுள்ள தட்டுகளின் மென்மையான நடுப்பகுதி பழைய முதுகுநாணின் எச்சமே. அத்தட்டு பிதுங்கி வயலிலும் தொழிற்சாலையிலும் உழைப்போரை வருத்தும்போது, 50 கோடி ஆண்டுப் பழமையான ஓர் அமைப்பே பாரந்தாங்காது தளர்கின்றது. ஏணியின் உச்சியில் நிற்பதாகக் கருதப்பட்டவனின் முதுகே அவ்வுவமையை மறுக்கின்றது.

இவ்வரலாறு ஏணியன்று, மரம். ஏணியிற் கீழ்ப்படி ஏறியபின் வேண்டாததாகிவிடும்; மரத்திலோ ஒவ்வொரு கிளை நுனியும் சமகாலத்தது. 2023இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு, ஈரூடகவாழிகளில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு இனங்கள் அழியும் அபாயத்திலுள்ளன எனக் காட்டிற்று. அழியும் இனம் ஒவ்வொன்றும் மனிதன் கடந்துவந்த படியன்று. மனிதனைப் போலவே நீண்ட வரலாற்றைத் தாங்கிநிற்கும் ஒரு கிளை. அது முறியுமாயின் மீண்டும் அதே வடிவில் துளிர்ப்பதில்லை.