பிரயாணிக்கும் பாலூட்டும் தாய்க்கும்

விடுமுறை வந்துவிட்டால் நமது ஊர்களில் வேன்களுக்குக் கிராக்கி வந்துவிடும். கைக்குழந்தையோடு புறப்படும் இளம் குடும்பங்களைக் காணும்போதெல்லாம் எனக்கு 2011ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தின் ஒரு வாரம் நினைவுக்கு வரும். அதை எழுத வேண்டும் என்று பல தடவை நினைத்தும் வெட்கம் தடுத்தது. என் மனைவிதான், "எழுதுங்க, நாலு பேருக்குப் பிரயோசனப்படும்" என்றார். அவருடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன்.

அப்போது எங்கள் மூத்த மகளுக்கு எட்டு மாதம். நான் அறபுக் கல்லூரியில் ஓதி முடித்து, பாடசாலையில் மௌலவி ஆசிரியராகச் சேர்ந்து சில வருடங்களே ஆகியிருந்தன. அக்கரைப்பற்றில் சித்திரை வெயில் கூரையைத் துளைத்துக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தது. என்னோடு ஓதிய நண்பர் ஒருவர் வெலிமடைக்குப் பக்கத்தில் குருத்தலாவையில் இருந்தார். "புள்ளையையும் கூட்டிக்கொண்டு ஒரு கிழமைக்கு வாங்க. இங்க நல்ல குளிர்" என்று அழைத்திருந்தார்.

நான் ஒரு கொப்பித் தாளில் பட்டியல் போட்டேன். இராவணன் நீர்வீழ்ச்சி, எல்ல, ஹக்கல பூங்கா, நுவரெலியா கிரகறி வாவி, ஹோட்டன் சமவெளி, பண்டாரவளை, துன்ஹிந்த. நாளுக்கு ஓர் இடமாவது பார்த்துவிட வேண்டும். மாமி அதைக் கேட்டுவிட்டு, "பால்குடிப் புள்ளையோட இத்தனை இடமா மருமகன்?" என்றார். நான் சிரித்துக்கொண்டேன்.

புறப்படுவதற்கு முதல் நாள் கடையில் ஒரு பால்மா டின்னும் இரண்டு போத்தல்களும் வாங்கி வந்தேன்.

"இது என்னத்துக்கு? எனக்குப் பால் இருக்கே" என்றார் மனைவி.

"வழியில எங்க வச்சுக் குடுப்பாய்? டிரைவர் பொடியன் இருப்பான். மணித்தியாலத்துக்கு ஒருக்கா வேனை நிப்பாட்டவும் ஏலா."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. தாய் தன் பிள்ளைக்கு இரண்டு வருடம் பாலூட்டுவதைப் பற்றிச் சூரா அல்பகராவில் வரும் வசனத்தை வகுப்பில் விளக்கிச் சொல்பவன் நான். அந்தத் தகப்பனின் கையில்தான் அன்று பால்மா டின் இருந்தது. தாய்க்குப் பால் இல்லையென்றாலோ, நோயென்றாலோ மா கொடுப்பது வேறு கதை. எங்கள் வீட்டில் அப்படி ஒரு தேவை இருக்கவில்லை. என் பட்டியலுக்குத்தான் அது தேவைப்பட்டது.

சனிக்கிழமை ஸுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். சியம்பலாண்டுவை கடந்து மொனராகலை சேரும்போது லுஹர் நேரம். பள்ளிவாசலில் லுஹரையும் அஸரையும் சேர்த்து, சுருக்கி இரண்டிரண்டு றக்அத்தாகத் தொழுதேன். மின்விசிறிக் காற்றில் கொஞ்சம் சாய்ந்தும் இருந்தேன். இந்த மார்க்கம் எவ்வளவு இலகுவானது என்று மனம் குளிர்ந்து வெளியே வந்தேன்.

வேனுக்குள் மனைவி வியர்வையில் நனைந்து போயிருந்தார். பிள்ளை வீரிட்டு அழுதுகொண்டிருந்தது. "ஒரு மூலை கிடைச்சா ரெண்டு நிமிசம் பால் குடுத்திருப்பன்" என்றார். நான் சுற்றிலும் ஒரு தடவை பார்த்தேன். பெண்கள் ஒதுங்க ஓர் இடமும் என் கண்ணில் படவில்லை. யாரிடமும் கேட்கவும் தோன்றவில்லை. விடியற்காலையில் கரைத்துத் துவாயில் சுற்றி வைத்திருந்த போத்தலை எடுத்து நீட்டினேன். பிள்ளை பாதியைக் குடித்தது. மீதியை மறுபடியும் துவாயில் சுற்றி வைத்தேன். எல்லவில் நின்றபோது அதையே கொடுத்தோம்.

கரைத்த மாப்பாலை வெதுவெதுப்பாக வைத்திருப்பது கிருமிகளுக்கு விருந்து வைப்பது போன்றது. கரைத்தால் உடனே கொடுக்க வேண்டும். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் இருந்ததையும், பிள்ளை குடித்து மிச்சம் வைத்ததையும் ஊற்றிவிட வேண்டும். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சூடு ஆறாமல் வைத்திருந்தது கெட்டித்தனம் என்றல்லவா நினைத்திருந்தேன்!

மறுநாள் ஹக்கலவுக்கும் நுவரெலியாவுக்கும் போனோம். ஏப்ரல் வசந்த காலம் என்பதால் நகரமே வாகனங்களால் நிறைந்திருந்தது. ஹக்கல பூங்கா 1861இல் சின்கோனா மரம் வளர்ப்பதற்காகத் தொடங்கப்பட்டது என்றும், மலேரியாக் காய்ச்சலுக்குரிய குயினைன் மருந்து அதன் பட்டையிலிருந்து எடுக்கப்படுவது என்றும் நான் மனைவிக்கு விளக்கிக்கொண்டே நடந்தேன். அவர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஈர நெப்பிகளைப் பையில் சுமந்துகொண்டு பின்னால் வந்தார். பின்னேரம் மழை பிடித்துக்கொண்டது. வாவிக் கரையில் குடைக்குள் நின்று ஒரு போட்டோ எடுத்தோம். அதில் நான் மட்டும் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்றிரவு பிள்ளைக்கு வாந்தி தொடங்கியது. பிறகு வயிற்றோட்டம். விடியும்போது அழுவதற்கும் தெம்பில்லாமல் துவண்டு கிடந்தது. நண்பரின் உம்மா விளக்கு வெளிச்சத்தில் பிள்ளையைப் பார்த்தார். வாய் உலர்ந்திருந்தது. கண்கள் குழி விழுந்திருந்தன. உச்சந்தலையைத் தடவிவிட்டு, "உச்சி பள்ளமாப் போயிருக்கு மகனே. ராவையிலிருந்து புள்ள சிறுநீர் போகவும் இல்ல. தேத்தண்ணி கீத்தண்ணி ஒண்டும் பாக்காம ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ" என்றார். பள்ளிக்கூடம் அதிகம் போகாத அந்தத் தாய் சொன்ன அடையாளங்களைத்தான் வைத்தியரும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். உடம்பில் நீர் வற்றிவிட்டது என்றார்.

வார்டில் சிங்களத் தாதி ஒருவர் விசாரித்தார். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் பதில் சொல்லத் தடுமாறினேன். "என்ன கொடுத்தீர்கள்?" என்ற கேள்வி வந்தபோது வாய் அடைத்துவிட்டது. மனைவிதான் "போத்தல் பால்" என்று சொன்னார். யார் வாங்கியது, யார் சொல்லிக் கொடுத்தது என்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. அந்த மௌனம் எந்த ஏச்சையும் விடக் கனமாக இருந்தது.

அந்தத் தாதி ஜீவனியைக் கரைத்து, கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கக் காட்டிக் கொடுத்தார். வாந்தி எடுத்தால் சற்றுப் பொறுத்து மறுபடியும் கொடுக்க வேண்டும். தாய்ப்பாலை மட்டும் ஒரு போதும் நிறுத்தக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். மனைவி தயங்கி நின்றதைக் கண்டதும் சுவரோரம் ஒரு கதிரையைத் திருப்பிப் போட்டு, கட்டிலிலிருந்து ஒரு விரிப்பை எடுத்து இரண்டு பக்கமும் மறைத்துக் கட்டினார். ஒரு நிமிடம் கூட ஆகியிருக்காது. அத்தனை மைல் பாதையில் கிடைக்காது என்று நான் முடிவு கட்டியிருந்த இடத்தை அந்தப் பெண்மணி ஒரு விரிப்பால் உண்டாக்கிவிட்டார்.

இரவில் ஆண்கள் வார்டில் தங்க முடியாது. வெளியே வாங்கில் இருந்தேன். குளிரிலும் பயத்திலும் உறக்கம் வரவில்லை. ஓதத் தொடங்கினேன். அப்போதுதான் அறபுக் கல்லூரியில் ஓதிய ஒரு ஹதீஸ் நினைவுக்கு வந்தது. திர்மிதி, அபூதாவூத், நஸாஈ ஆகிய கிரந்தங்களில் வருவது. அறிவிப்பவர் அனஸ் இப்னு மாலிக். நபிகளாருக்குப் பணிவிடை செய்த பிரபலமான அனஸ் (ரழி) அல்லர். கஅப் கோத்திரத்தைச் சேர்ந்த வேறொரு ஸஹாபி. அல்லாஹ் பிரயாணிக்கு நோன்பையும் தொழுகையின் பாதியையும் இலகுவாக்கினான். கர்ப்பிணிக்கும் பாலூட்டுபவளுக்கும் நோன்பை இலகுவாக்கினான் என்பது அதன் கருத்து. இரண்டு அனஸையும் பிரித்தறிவது பரீட்சைக்கு முக்கியம் என்று எங்கள் உஸ்தாத் சொன்னார். நானும் பாடமாக்கிச் சரியாகவே விடை எழுதினேன்.

பிரயாணியும் பாலூட்டும் தாயும் ஒரே ஹதீஸில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். எங்கள் வேனிலும் அப்படித்தான் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். பிரயாணிக்குரிய சலுகையை நான் மொனராகலையில் குளிரக் குளிர அனுபவித்தேன். பாலூட்டுபவளுக்குரிய இலகுவை வெயிலில் நிறுத்தி வைத்திருந்தேன்.

பின்னால் ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்டால் அதன் தாயின் மனம் வேதனைப்படும் என்று தொழுகையையே சுருக்கியவர்கள் நபி (ஸல்) அவர்கள். நானோ ஒரு கொப்பித் தாளைச் சுருக்க மனமில்லாமல் இருந்தேன். யா அல்லாஹ், இந்தப் பிள்ளையை எனக்குத் திருப்பித் தா என்று அழுதேன். அந்த வாங்கில் அழுததைப் போல் அதற்கு முன் நான் துஆவில் அழுததில்லை.

இரண்டு இரவுகளுக்குப் பின் புதன்கிழமை துண்டு வெட்டினார்கள். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை சிரித்தது. ஆனால் மனைவிக்குப் பால் குறைந்திருந்தது. போத்தல் உள்ளே போகப் போக, பிள்ளை சப்புவது குறையும். சப்புவது குறைந்தால் பாலும் குறையும். அடிக்கடி கொடுத்தால் மறுபடியும் ஊறும் என்று தாதி தைரியம் சொல்லி அனுப்பினார். அப்படியே ஊறியது.

மீதி மூன்று நாளும் நாங்கள் எங்கும் போகவில்லை. நண்பர் வேறு அறையில் படுத்துக்கொண்டு, பெண்களுக்கென்று ஓர் அறையை முழுதாக ஒதுக்கித் தந்தார். மனைவி பகலிலும் தூங்கினார். பிள்ளை பிறந்த எட்டு மாதத்தில் அவர் பகலில் கண்ணயர்ந்ததை நான் அன்றுதான் கண்டேன். இரவில் எத்தனை தடவை எழும்புகிறார் என்று அதுவரை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

நெப்பிகளை நான் துவைத்தேன். குருத்தலாவைக் காலைத் தண்ணீர் விரலை மரக்கச் செய்யும். நண்பர் யன்னலால் பார்த்து, "என்ன மௌலவி, சவர்க்காரம் போதுமா?" என்று பகிடி பண்ணினார். நபியவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாருக்கு ஊழியம் செய்வார்கள் என்று ஆயிஷா (ரழி) சொன்னதைப் புகாரியில் நாங்கள் இருவரும் ஒரே வாங்கில் இருந்துதான் ஓதினோம். நினைவூட்டினேன். சற்று நேரத்தில் அவரும் வாளியோடு வந்து நின்றார்.

வியாழக்கிழமை சித்திரைப் புத்தாண்டு. அக்கம்பக்கத்தில் பட்டாசு வெடித்தது. முதல் சத்தத்துக்குப் பயந்த பிள்ளை, இரண்டாவதுக்குக் கை தட்டியது. வாசலில் விரித்த பாயில், உருளைக்கிழங்குத் தோட்டத்தைப் பார்த்தபடி, யாரும் பிடிக்காமல் முதல் தடவையாகத் தவழ்ந்தது. நான் போட்டிருந்த பட்டியலில் அப்படி ஓர் இடம் இருக்கவில்லை.

சனிக்கிழமை ஊர் திரும்பினோம். பிள்ளை அழும் முன்பே வேனை நிறுத்தினோம். மொனராகலையில் பள்ளிவாசலுக்குப் பக்கத்து வீட்டில் ஸலாம் சொல்லி, "பால்குடிப் புள்ள, ஒரு மூலை கிடைக்குமா?" என்று கேட்டேன். உள்ளிருந்து ஒரு ராத்தா வந்து, "கேக்கிறதுக்கு என்ன இருக்கு, வாங்க தங்கச்சி" என்று மனைவியின் கையைப் பிடித்து அழைத்துச் சென்றார். தேநீரும் தந்தார். போகும்போது மூடியிருந்ததாக நான் நினைத்த கதவு தட்டாத கதவுதான். வீடு சேர இரண்டு மணித்தியாலம் பிந்தியது. யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை.

சகோதரிகளே, கைக்குழந்தையோடு பிரயாணம் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போங்கள். பாலூட்டும் தாய்க்குப் பிள்ளையின் உணவு எப்போதும் கையோடு இருக்கிறது. அதற்குப் போத்தலும் வேண்டாம், பிளாஸ்க்கும் வேண்டாம். ஓர் அகலமான துப்பட்டாவும் நிறுத்தச் சொல்லும் துணிவும் போதும். பையில் இரண்டு ஜீவனிப் பக்கெட்டும் இருக்கட்டும். பக்கெட்டில் சொன்ன அளவுக்குக் கொதித்தாறிய தண்ணீரில் கரையுங்கள். ஒரு நாள் கடந்தால் ஊற்றிவிடுங்கள். பிள்ளை சோர்ந்து, வாய் உலர்ந்து, நெப்பி நனையாமல் இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம்.

இதை வாசிக்கும் கணவன்மாருக்கும் ஒரு வார்த்தை. வேனில் முன் ஆசனத்தில் இருப்பவர் நீங்கள். நிறுத்தச் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான். பள்ளிவாசல் நிருவாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பிரதான பாதையோரத்தில் உங்கள் பள்ளி இருந்தால், பெண்கள் தொழவும் தாய்மார் பாலூட்டவும் ஒரு சிறு அறை ஒதுக்குங்கள். திரையும் பாயும் மின்விசிறியும் இருந்தால் போதும். அதில் ஒரு பிள்ளை பசியாறும் ஒவ்வொரு தடவையும் உங்களுக்கு நன்மை வந்துகொண்டிருக்கும், இன்ஷா அல்லாஹ்.

அந்தக் கொப்பித் தாள் எப்படியோ என் கிதாபு ஒன்றுக்குள் தங்கிவிட்டது. அண்மையில் மகள் அதைக் கண்டெடுத்தாள். இப்போது அவள் தன் உம்மாவின் உயரம். "வாப்பா, ஹோட்டன் சமவெளி பார்த்தீங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல மகள்."

"துன்ஹிந்த?"

"அதுவும் இல்ல."

"அப்ப அந்தக் கிழமை முழுக்க என்னத்தப் பார்த்தீங்க?"

குசினியிலிருந்து மனைவி பதில் சொன்னார்: "உன்னப் பார்த்துக்கிட்டு இருந்தம்."