முழுநிலவும் அதன் தூளும்

முழுநிலவை வெள்ளித் தட்டு என்று போற்றுவது மக்கள் வழக்கு. ஆனால், வெள்ளியின் இயல்பு நிலவுக்குச் சிறிதும் இல்லை. தன்மேல் விழும் கதிரொளியில் 100-க்கு ஏறத்தாழ 12 பங்கையே அது திருப்பி அனுப்புகின்றது. தேய்ந்துபோன தார்ச்சாலையும் ஏறக்குறைய அவ்வளவு ஒளியைத் தருவதே. இரவு வானின் கருமைக்கு நடுவே நிற்பதால்தான் அந்தக் கருநிறத் தரை வெண்மையாய்த் தோன்றுகின்றது.

நிலவொளியில் வேறு புதிர்களும் உண்டு. அரைநிலவில் ஒளிபெற்றுத் தெரியும் பரப்பு முழுநிலவினதில் பாதி. ஆயினும், அதன் ஒளி பாதி அன்று. ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே. மேலும், ஒரு பந்தின்மீது நேரே விளக்கொளி படும்போது நடுப்பகுதி பொலிந்தும் ஓரம் மங்கியும் தோன்றும். முழுநிலவிலோ நடுவும் ஓரமும் ஏறத்தாழ ஒரே பொலிவு கொண்டுள்ளன. உருண்டையான நிலவு தட்டுப்போலக் காட்சியளிப்பது இதனாலேயாம்.

1632-இல் வெளிவந்த தம் உரையாடல் நூலில் கலிலியோ, வெயில் படும் சுவரில் ஒரு கண்ணாடியை மாட்டிப் பார்க்கும் சோதனையைக் கூறினார். கண்ணாடி ஒரு திசையில் நிற்பவரின் கண்ணை மட்டும் கூசச் செய்யும். மற்றவர்க்குச் சுவரே ஒளிமிக்கதாய்த் தெரியும். எனவே, எங்கும் பரந்து ஒளிரும் நிலவின் தரை கரடானதே என்று அவர் காட்டினார். 1760-இல் இலாம்பெர்ட், பளபளப்பற்ற பரப்பு ஒளியைச் சிதறச் செய்வதற்கு ஒரு விதி வகுத்தார். சுண்ணம் பூசிய சுவருக்கு அவ்விதி ஓரளவு பொருந்தும், நிலவுக்குப் பொருந்தவில்லை.

விடைக்கு வழிகாட்டியது சனிக்கோளின் வளையம். அஃது எண்ணற்ற துகள்களின் கூட்டம். கதிரவனுக்கு நேர் எதிரே சனி வருங்கால் அதன் வளையம் பொலிவு மிகுவதை, 1887-இல் சீலிகர் நிழலைக்கொண்டு விளக்கினார். காலை வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு இரப்பர்த் தோட்டத்தை நோக்குபவர்க்கு இவ்வுண்மை எளிதில் புலனாகும். ஒவ்வோர் இலையின் நிழலும் அவ்விலைக்குப் பின்னே மறைந்துகொள்வதால் தோட்டம் ஒளிமயமாய்த் தெரியும். பக்கவாட்டில் நின்று பார்த்தால் நிழல்கள் வெளிப்பட்டுத் தோட்டம் இருளும். முழுநிலவு நாளில் பூமியும் கதிரவனை முதுகில் கொண்டே நிலவை நோக்குகின்றது.

1963-இல் வெளியிட்ட ஆய்வில் புரூஸ் ஹாப்கியும் வான் ஹார்னும், பல்வகைப் பரப்புகளின்மீது ஒளியைப் பாய்ச்சி, வெவ்வேறு கோணங்களில் அளந்த முடிவுகளைத் தந்தனர். வெறும் பாறை நிலவைப்போல ஒளிரவில்லை. துகள்மேல் துகள் மெல்ல விழுந்து, இடையிடையே புழைகள் நிறைந்த கரிய நுண்பொடியே அவ்வாறு ஒளிர்ந்தது.

அந்நாளில் இது வெறும் ஏட்டுச் செய்தி அன்று. மனித உயிரைப் பற்றிய வினா. நிலவின் சமவெளிகளில் தூள் ஆழமாக நிரம்பியிருக்கலாம் என்று 1955-இல் தாமஸ் கோல்ட் கூறியிருந்தார். இறங்கும் கலம் புதைந்துவிடுமோ என்னும் அச்சம் எழுந்தது. அவ்வச்சத்தை ஒளியால் தீர்க்க இயலவில்லை. மேற்படலத்தின் இயல்பை ஒளி அறிவிக்கும். அதன் அடியிலுள்ள தரை பளுவைத் தாங்குமா என்பதை அறிவிக்காது. 1966-இல் லூனா 9, சர்வேயர் 1 ஆகிய கலங்கள் இறங்கி நின்ற பின்னரே ஐயம் தணிந்தது. 1969-இல் ஆம்ஸ்ட்ராங் பதித்த அடி, தூளில் சிறிதளவே அமிழ்ந்தது. தூள் உண்டு என்று ஒளி உரைத்ததும் மெய்யாயிற்று.

1981-இல் ஹாப்கி, துகட்படலங்களின் எதிரொளிப்புக்கு விரிவான கணித மாதிரி ஒன்றை அமைத்தார். கோள்களையும் சிறுகோள்களையும் ஆராய்வோர் அதனை இன்றும் கையாள்கின்றனர். எனினும், அதுவும் முடிந்த முடிபாக நிற்கவில்லை. அப்பல்லோ வீரர்கள் கொணர்ந்த மண்ணைச் சோதித்து ஹாப்கியும் பிறரும் 1993-இல் வெளியிட்ட ஆய்வு, நிழல் மறைவது மட்டுமே காரணம் அன்று என்று காட்டியது. துகள்களுக்கிடையே பலமுறை பட்டுத் திரும்பும் ஒளியலைகள், வந்த திசையிலேயே ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன. 2002-இல் ஹாப்கி தம் மாதிரியைத் திருத்தி, இதனையும் சேர்த்தார். தாம் வகுத்ததைத் தாமே சோதித்துத் திருத்துவது அறிவியலாளரின் கடன்.

இவற்றைக் கற்பிக்கும் ஆசிரியர்க்குக் கருவி ஏதும் வேண்டுவதில்லை. முழுநிலவு நாளில் மாணவரைத் திறந்த வெளிக்கு அழைத்துச் சென்று, நிலவின் நடுவையும் ஓரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னால் போதும். ஓரம் ஏன் மங்கவில்லை என்று ஒரு மாணவன் வினவுவானாயின், அன்றைய பாடம் தொடங்கிவிட்டது.