மோட்டார் கற்பிக்கும் பாடம்

பேனா பிடிப்பவன் மேலோன், சுத்தியல் பிடிப்பவன் கீழோன் என்னும் எண்ணம் நம்மவர் உள்ளத்திலே நெடுங்காலமாக ஊறிக் கிடக்கிறது. ஆங்கிலப் பள்ளியில் நாலெழுத்துக் கற்று, தோட்டத்துக் காரியாலயத்தில் கணக்கெழுதும் நாம், மாலை வேளைகளில் ஈயக் கம்பியும் பற்றவைக்கும் கோலுமாக உட்கார்ந்திருப்பதைக் கண்ட நண்பரொருவர், "ஐயா, கிராணி வேலை பார்ப்பவருக்கு இந்த ஆசாரி வேலை எதற்கு?" என்று வினவினார். வேடிக்கையாகத்தான் கேட்டார். எனினும் அக்கேள்விக்குள்ளே ஜாதி ஒளிந்திருப்பதை அவர் அறியார். ஆதலின் அதற்குரிய விடையைப் பலரறியக் கூற விரும்புகிறோம்.

நாம் செய்வது யாதெனில், லயத்துப் பிள்ளைகள் ஓட்டி மகிழும்பொருட்டு, இரண்டு மோட்டார்கள் பூட்டிய சிறு வண்டியொன்று. அதை முன்னும் பின்னும் செலுத்தும் மின்சுற்றுப் பலகையை நாமே வரைந்து, நாமே அமைக்கிறோம். கடையிலே ஆயத்தப் பலகை கிடைக்காதா எனில், கிடைக்கும். ஆனால் அது நம் வண்டியின் அளவுக்கு ஒவ்வாது. செருகிய கம்பிகளும் ஓட்டத்தில் குலுங்கிக் கழன்றுவிடும். எல்லாவற்றினும் மேலாக, விலைக்கு வாங்கிய பலகை வேலை செய்யுமே தவிர, ஏன் வேலை செய்கிறது என்று நமக்குச் சொல்லாது.

நிற்க. வண்டிக்குக் கட்டளையிடுவது 'ஆர்டுயினோ ஊனோ' என்னும் சிறு கருவி. அதன் ஒவ்வொரு காலும் 40 மில்லி ஆம்பியருக்கு மேல் தாங்காது. 20க்குள் நிறுத்துவதே நலம். மோட்டாரோ, சக்கரம் இறுகி நிற்கும் வேளையில் ஏறக்குறைய 1 ஆம்பியர் இழுக்கும். ஆகவே ஒவ்வொரு மோட்டாரையும் சுற்றி வலுவுள்ள நான்கு டிரான்சிஸ்டர்களை ஆங்கில 'எச்' எழுத்தின் வடிவிலே அமைக்கிறோம். குறுக்கே எதிரெதிராக உள்ள இரண்டைத் திறந்தால் மோட்டார் ஒரு திசையில் சுழலும். மற்ற இரண்டைத் திறந்தால் மறு திசையில் சுழலும். ஒரே பக்கத்து இரண்டையும் ஒருங்கே திறந்தால் பாட்டரியின் இரு முனைகளும் நேரே கூடி, யாவும் பாழாகும்.

மோட்டாரின் உள்ளே இருப்பது கம்பிச் சுருள். அதில் ஓடும் மின்சாரத்தைத் திடீரென அறுத்தால் மின்னழுத்தம் சீறி எழுந்து டிரான்சிஸ்டரைக் கொல்லும். வெள்ளத்துக்கு மதகு வைப்பதுபோல, அதற்கு டையோடு என்னும் வடிகால் வைக்கவேண்டும். பலகை மேலுள்ள செம்புத் தகட்டின் கனம் பெரும்பாலும் 35 மைக்ரான் மட்டுமே. எனவே மோட்டாருக்குச் செல்லும் தடங்களை 1 மில்லிமீட்டருக்குக் குறையாத அகலத்திலும், கட்டளை செல்லும் தடங்களை மெல்லியதாகவும் வரைகிறோம். செம்பனைக் குலை ஏற்றிய லாரியின் சாலையும் ஒற்றையடிப் பாதையும் ஓரகலமாக இருக்குமோ?

இவற்றுள் எந்த விதியாவது ஒருவனுடைய பிறப்பை விசாரிக்கிறதா? பலகை வரைவதற்கான 'கிகாட்' என்னும் மென்பொருள், 1992-இல் பிரெஞ்சுக்காரர் ஒருவர் தொடங்கி, இன்று பலர் கூடி வளர்ப்பது. யாவர்க்கும் காசின்றிக் கிடைக்கும் அதுவும் குலங்கோத்திரம் கேட்பதில்லை.

மின்சாரத்தால் கம்பியொன்று இடையறாது சுழல்வதை 1821-இல் உலகுக்குக் காட்டிய மைக்கேல் பாரடே யார்? கொல்லன் மகன், புத்தகம் கட்டும் தொழிலிலே பயின்றவர். செம்புத் தடங்களைப் பலகையில் அச்சிடும் முறைக்கு வழிகாட்டியவர்களுள் முதன்மையான பால் ஐஸ்லர் யார்? வியன்னா நகரத்து யூதர். கற்ற கல்வி கையிலிருந்தும், பிறப்பு ஒன்றினாலேயே அந்நாட்டில் வேலைவாய்ப்பு மறுக்கப்பட்டு, 1936-இல் லண்டனுக்குச் சென்று, விடுதியறையில் இருந்துகொண்டே அச்சுச் சுற்றினாலான ரேடியோப் பெட்டியைச் செய்தார். பிறப்பைப் பார்த்து மனிதனைத் தள்ளிய தேசம் எதை இழந்தது என்பதற்கு இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் தொலைபேசியே சாட்சி. அவ்விழப்பை நம் சமூகமும் எத்தனை தலைமுறையாக அனுபவித்து வருகிறது!

நம் பட்டறைகளில் ஆண்டுதோறும் ஆயுத பூஜை நடக்கிறது. கருவிக்குச் சந்தனமும் குங்குமமும் இடுகிறோம். அதைக் கையாள்பவனுக்கு நாற்காலி தரத் தயங்குகிறோம். இஃது என்ன பக்தி? தோழர்களே! வருகிற பூஜை நாளன்று, உடைந்த பொம்மை வண்டியொன்றின் மோட்டாரைப் பிள்ளைகள் முன்னே பிரித்து வையுங்கள். காந்தம் இது, சுருள் இது என்று அவர்களே தொட்டுப் பார்க்கட்டும். எழுதும் கையும் ஈயம் பற்றவைக்கும் கையும் ஒன்றாகவே இருக்கலாமென்று அப்பிள்ளைகள் கண்டுகொள்வார்களாயின், "ஆசாரி வேலை" என்று இகழ்வதற்கு அவர்கள் காலத்தில் எவருக்கும் நாவெழாது.