பழைய கிதாருக்கு ஒன்பது வோல்ட்

சென்ற மாசி மாதத்தில் ஒரு மாலை. முல்லைப் பெரியாற்றங்கரையில் நாங்கள் மூவரும் வழக்கம்போல ஒரு நாவலை முன்வைத்துச் சண்டையிட்டுக்கொண்டிருந்தபோது மாஸ்டரின் வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. கிதார் பாதி ஊமையாகிவிட்டது, வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார்கள். நாவலும் நாவல் சார்ந்த இடமுமான இந்தப் பக்கத்தில் கம்பிச் சுருளையும் மின்கலத்தையும் பற்றி எழுத நேர்ந்ததற்கு வாசக நண்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

உத்தமபாளையத்தில் அவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் அழைப்பார்கள். அவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் என்பது உண்மையே. ஆனால் அந்தப் பெயர் பள்ளியில் வந்ததன்று. இருபது ஆண்டுகளுக்கு மேல் மெல்லிசைக் குழுக்களில் கிதார் வாசித்தவர். சின்னமனூர், கம்பம், கூடலூர், வீரபாண்டிச் சித்திரைத் திருவிழா என்று அவர் ஏறாத மேடை இப்பள்ளத்தாக்கில் குறைவு. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வந்த பக்கவாதம் மெல்ல விலகியது. விலகும்போது வலக்கையின் வலுவில் பாதியை எடுத்துக்கொண்டு போயிற்று. விரல்கள் இடம் தவறுவதில்லை. மீட்டும் விசைதான் இல்லை.

எங்கள் ஊர்ப்பக்கத்துக்குக் கிதார் மீது ஒரு தனி உரிமை உண்டு என்று நாங்கள் சிறு வயதிலிருந்தே நம்பி வந்திருக்கிறோம். பண்ணைப்புரம் எங்கள் உத்தமபாளையம் வட்டத்துக்குள்தான் இருக்கிறது. பாவலர் வரதராஜனோடு மேடை மேடையாகச் சுற்றிய தம்பி சென்னைக்குப் போய், லண்டன் டிரினிட்டி கல்லூரியின் செவ்வியல் கிதார்த் தேர்வில் தங்கப்பதக்கம் பெற்று, 1976-இல் 'அன்னக்கிளி'யோடு திரும்பி வந்தார். அதன்பின் ஊருக்கு ஒரு குழு, குழுவுக்கு ஒரு கிதார். 'பயணங்கள் முடிவதில்லை' 1982-இல் வந்தபோது அதன் கிதார்ப் பாட்டை வாசிக்கத் தெரியாதவனுக்குக் குழுவில் இடமில்லை என்றாகிவிட்டதாம். இதை மாஸ்டரே சொல்லியிருக்கிறார்.

அவருடைய கிதார் கல்கத்தாவில் செய்தது. கூடான உடல், செந்தூர நிறம், பெயர்த்தகடு எப்போதோ உதிர்ந்துவிட்டது. கம்பிகளுக்குக் கீழே இரண்டு பிக்-அப்கள். மல்ட்டிமீட்டரை வைத்துப் பார்த்ததில் ஒன்று 6 கிலோ ஓம் காட்டியது. மற்றது எதையும் காட்டவில்லை. உள்ளே சுருள் அறுந்திருந்தது.

பிக்-அப் என்பது மிக எளிய பொருள். ஒரு காந்தம், அதைச் சூழ்ந்து 0.06 மில்லிமீட்டர் அளவே தடித்த செப்புக் கம்பி பல ஆயிரம் சுற்றுகள். மேலே எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் கலைகிறது. கலைந்த புலம் சுருளில் சிறு மின்னழுத்தத்தை எழுப்புகிறது. ஃபாரடே 1831-இல் கண்டதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. சங்கடம் என்னவென்றால், அந்தச் சுருள் கம்பியின் அதிர்வை மட்டும் கேட்பதில்லை; பந்தலில் எரியும் குழல்விளக்கின் சோக்கையும், சீரியல் செட்டையும், ஜெனரேட்டரையும் சேர்த்தே கேட்கிறது. 'ஊம்' என்று ஓர் அடிநாதம் எப்போதும் இருக்கும். கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் என்ற பொறியாளர் 1955-இல் இதற்கு மாற்று கண்டார்: எதிரெதிர்த் திசையில் சுற்றிய இரண்டு சுருள்கள், எதிரெதிர்த் துருவங்கள். இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இசை மட்டும் கூடிக்கொள்ளும். ஹம்பக்கர் என்ற பெயரே இரைச்சலை எதிர்ப்பது என்ற பொருளில் வைத்ததுதான்.

மதுரையில் விசாரித்தபோது, ஹம்பக்கர் இரண்டு வாங்கிப் பொருத்திவிடுங்கள் என்றார்கள். அதற்கு மரத்தில் துளையை அகலப்படுத்த வேண்டும். எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. திருப்பூரில் வேலை பார்க்கும் மாஸ்டரின் மகன் தொலைபேசியில் இன்னும் கறாராக இருந்தார். "எதையும் மாத்தாதீங்கண்ணே. அப்பா சத்தம் அப்படியே இருக்கணும். பின்னாடி எங்களுக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான்." அவர் சொன்னது எங்களுக்கு மிக நியாயமாகப் பட்டது. அறுந்த சுருளை மட்டும் மறுபடி சுற்றிப் பொருத்தி, மற்றதைத் தொடாமல் விடுவது என்று அன்றிரவே முடிவு செய்தோம்.

மறுநாள் அதைச் சொல்லப் போனோம். மாஸ்டர் ஒன்றும் சொல்லாமல், வேலை செய்கிற ஒரே பிக்-அப்பில் வாசித்துக் காட்டினார். ஆம்ப்ளிஃபயரில் ஏதும் கேட்கவில்லை. ஒலியைக் கூட்டினோம். கூட்டக் கூட்ட அந்த அடிநாதம் எழுந்ததேயொழிய வாசிப்பு அதற்குள் அமிழ்ந்து போயிற்று. பிக்-அப்பின் திருகுகளை முடுக்கி அதைக் கம்பிகளுக்கு நெருக்கமாக உயர்த்தினோம். (காசில்லாத வைத்தியம், எவரும் முதலில் இதைச் செய்து பார்க்க வேண்டும். மிக நெருங்கினால் காந்தம் கம்பியை இழுத்துச் சுருதி தள்ளாடும்.) கொஞ்சம் தேறியது, போதவில்லை. அவர் கிதாரை மடியில் கிடத்திவிட்டுச் சொன்னார்:

"ஏப்பா, பழைய சத்தம் பழைய கையில இருந்துச்சு. இப்ப இருக்கிற கைக்கு என்ன செய்யணுமோ அதப் பாருங்க. நான் இன்னும் போகலப்பா."

வீடு திரும்பும் வரை நாங்கள் மூவரும் பேசிக்கொள்ளவில்லை.

அதன்பிறகு கேள்வியே வேறாகிவிட்டது. மெலிந்த சமிக்ஞையைக் கிதாருக்குள்ளேயே பெருக்கி அனுப்புவதற்குத்தான் ஆக்டிவ் எலெக்ட்ரானிக்ஸ் என்று பெயர். 'அன்னக்கிளி' வந்த அதே 1976-இல்தான் கலிபோர்னியாவில் ராப் டர்னர், பின்னாளில் ஈ.எம்.ஜி. என்று பெயர்பெற்ற நிறுவனத்தைத் தொடங்கினார். மியூசிக்மேன் நிறுவனத்தின் ஆக்டிவ் பேஸ் கிதாரும் அவ்வாண்டில்தான் சந்தைக்கு வந்தது. ஈ.எம்.ஜி. வகையில் பிக்-அப்பின் உள்ளேயே சிறு முன்பெருக்கி இருக்கும். 9 வோல்ட் மின்கலம் அதை இயக்கும். இரைச்சல் மிகக் குறைவு. நீண்ட வயரில் உச்ச ஒலிகள் மழுங்குவதும் இல்லை. ஆனால் விலை எங்கள் கைக்கு எட்டவில்லை. ஒலியளவுக் குமிழ்களையும் 25 கிலோ ஓம் வகைக்கு மாற்ற வேண்டும். அந்த ஒலி சற்றுத் துடைத்துவைத்த பாத்திரம்போல இருக்கிறது என்பது எங்கள் தனிப்பட்ட அபிப்பிராயம். கனத்த ராக் இசைக்கு அது பொருந்தும்.

பழைய பிக்-அப்களை வைத்துக்கொண்டு முன்பெருக்கியை மட்டும் தனியாகச் சேர்க்கலாம். ஆனால் சுருள் வாங்கிய இரைச்சலையும் அது சேர்த்தே பெருக்கும். இங்கே நாங்கள் இரண்டு நாள் முட்டி நின்றோம். வழி அறுந்த சுருளிலேயே இருந்தது. அதை எப்படியும் மறுபடி சுற்றத்தான் போகிறோம். எதிர்த்திசையில் சுற்றி, அடியிலிருக்கும் பட்டைக் காந்தத்தைப் புரட்டி வைத்துவிட்டால், இரண்டு பிக்-அப்களும் சேர்ந்து ஒலிக்கும்போது அவையே ஒரு ஹம்பக்கராகிவிடும். தனித்தனியே வாசித்தால் இரைச்சல் இருக்கும். சேர்த்து வாசித்தால் அடங்கும். மரத்தைத் தொட வேண்டியதில்லை. கூடான உடலுக்குள் மின்கலத்துக்கும் இடமுண்டு.

சுற்றித் தந்தவர் மோட்டார் ரீவைண்டிங் கடைக்காரர். திராட்சைத் தோட்டத்துப் பம்புசெட்டுகளைப் பார்த்துப் பழகிய கை. இவ்வளவு மெல்லிய கம்பியை அவர் தொட்டதில்லை. மூன்று முறை அறுந்தது. "இது தலைமுடிக்குத் தலைவாரி விடுற வேலைண்ணே" என்று சலித்துக்கொண்டார். நான்காம் முறை விரலிடையில் ஒரு துண்டுப் பஞ்சை வைத்துக் கம்பியை ஓடவிட்டார், நின்றது. சுற்றுகளை எண்ணினோமா என்றால், இல்லை. பழைய சுருளின் பருமன் வந்தபோது நிறுத்தினோம். மீட்டரில் 6 கிலோ ஓமுக்குச் சற்று மேல் காட்டியது. முன்பெருக்கி, ஃபெட் வகை டிரான்சிஸ்டர் ஒன்றும் சில உதிரிகளும் சேர்ந்த, தீப்பெட்டியினும் சிறிய பலகை. எங்களில் ஒருவர் பற்றவைத்தார். முதல்முறை மின்கலத்தைத் தலைகீழாக இணைத்தவரும் அவரே.

மகனுக்கு முன்னதாகச் சொல்லவில்லை. அது சரியா என்று இன்றும் எங்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. பங்குனியில் ஊருக்கு வந்தவர் வாசற்படியில் நின்று கேட்டார். மாஸ்டர் இரண்டு பிக்-அப்களையும் சேர்த்து வைத்து, மிக மெதுவாக, 1982-ஆம் ஆண்டுப் பாட்டின் தொடக்கத்தை மீட்டிக்கொண்டிருந்தார். அடிநாதம் இல்லை. ஒலி பழையதைவிடச் சற்று மெலிந்தும் தெளிந்தும் இருந்தது. இரண்டிடத்தில் விரல் வழுக்கியது. அதுவும் தெளிவாகவே கேட்டது.

"சத்தம் மாறிருச்சேப்பா" என்றார் மகன். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் அருகில் உட்கார்ந்தார்.

இந்த ஏற்பாட்டில் ஒரு குறை. வயரின் முனை கிதாரில் செருகியிருக்கும் வரை மின்கலம் ஓடிக்கொண்டேயிருக்கும், எடுத்தால்தான் அணையும். மாஸ்டர் மறந்துவிடுகிறார். முதல் மின்கலம் ஒரு வாரத்தில் தீர்ந்தது. இப்போது இரவு சமையலறை விளக்கை அணைத்துவிட்டு, கேஸ் வால்வைத் திருகி மூடும்போதே அவர் மனைவி கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுக்கிறார்: "என்னங்க, கிதார் வயரைப் பிடுங்கிட்டீங்களா?"