மூன்று சாக்கு மூட்டைகளில் ஓர் ஆர்.எக்ஸ் 100!

எழும்பூர் ரயில் நிலையத்தில் இறங்கி, கால் மணி நேரம் நடந்தால் புதுப்பேட்டை. சினிமாவால் இந்தப் பெயரைத் தெரிந்துகொண்டவர்கள் அதிகம். வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது வேறு உலகம். கடை வாசல்களில் கார் கதவுகள் ஒரு பக்கம், பம்பர்கள் ஒரு பக்கம், சைலன்ஸர்கள் ஒரு பக்கம். தரையெல்லாம் ஆயில் கறை. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு முதல் நாளே அந்த இடம் பிடித்துப்போனது.

நாங்கள் அங்கே போகக் காரணம் மூன்று சாக்கு மூட்டைகள். செங்கல்பட்டில் இருக்கும் என் பெரியப்பா ஓட்டிய 1989 மாடல் யமஹா ஆர்.எக்ஸ் 100, ரிப்பேருக்காகப் பிரித்த பிறகு பூட்டப்படவே இல்லை. சேஸும் சக்கரங்களும் தனி, மற்றதெல்லாம் மூட்டையில். ஆர்.சி புத்தகத்தையும் சேர்த்துக் கொடுத்து, "நீயாச்சு, உன் பொண்ணாச்சு" என்றார்.

இந்த வண்டிக்கு மூட்டை புதிதல்ல. 1985-ல் இந்தியாவில் அறிமுகமானபோது, முதல் வண்டிகள் ஜப்பானிலிருந்து பாகங்களாக வந்து, எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தில் பூட்டப்பட்டவை. 98 சிசி, டூ ஸ்ட்ரோக் இன்ஜின். 1996-ல் தயாரிப்பு நின்றுபோனது. இதைச் சொன்னதும் மகள் கேட்டாள்: "அப்போ இது பொறக்கும்போதே பிரிச்சுத்தான் வந்துச்சாப்பா?"

அவள் ஒரு நோட்டுப் போட்டாள். இருப்பது, இல்லாதது என்று இரண்டு பட்டியல். சைடு பேனல், மட்கார்டு, கிக்கர் எல்லாம் புதுப்பேட்டையில், பழையதே போதும். பிரேக் ஷூ, கேபிள், பேரிங் மட்டும் புதிதாகத்தான் வேண்டும். அதற்கு ஆதித்தனார் சாலை வழியாகக் கூவம் பாலத்தைத் தாண்டி, ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. சனிக்கிழமைதோறும் இதே பயணம்.

சிலிண்டரை லேத் பட்டறையில் போரிங் செய்து, புது பிஸ்டன் வாங்கி வந்தோம். அதை மாட்டும்போது சின்ன லாக் ஒன்று அவள் கையிலிருந்து தெறித்து, பக்கத்து வீட்டுத் துளசித் தொட்டியில் விழுந்தது. தேடி எடுக்கவே அரை மணி நேரம். எனக்குக் கொஞ்சம் கோபம். "டார்ச்சை மட்டும் பிடி" என்று சொல்லிவிட்டு நானே மாட்டினேன்.

"பிஸ்டன் மேல ஒரு அம்புக்குறி இருக்கேப்பா, அது எந்தப் பக்கம் பார்க்கணும்?"

"அதெல்லாம் கம்பெனி மார்க். லைட்டை ஆட்டாத."

அடுத்த சனிக்கிழமை, கிக்கர் வாங்கப் போன கடையில் இருந்த பெரியவரிடம் அதே கேள்வியைக் கேட்டாள். அவர் கையில் இருந்த பழைய பிஸ்டனைத் திருப்பிக் காட்டினார்.

"அம்பு சைலன்ஸர் பக்கம் பார்க்கணும் பாப்பா. மாத்திப் போட்டா ரிங் முனை ஓட்டையில மாட்டி உடைஞ்சிடும். இன்ஜின் காலி."

மகள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. நான் மாற்றித்தான் மாட்டியிருந்தேன்.

ரயிலில் வரும்போது, "தப்பு என் மேலதான்மா" என்றேன். "லாக்கைத் தொலைச்சது நான்தானேப்பா" என்றாள். அன்று இரவு மறுபடி பிரித்தோம். இந்த முறை ஸ்பேனர் அவள் கையில், டார்ச் என் கையில். கடைசி வரை அப்படியேதான்.

மூன்று மாதம் கழித்து, பதினோராவது உதையில் வண்டி உயிர் பெற்றது. தெரு முழுக்க நீலப் புகை. "முதல்ல ரெண்டு பேரும் கையைக் கழுவுங்க" என்று உள்ளிருந்து மனைவியின் குரல்.

கியர் வண்டி உரிமத்துக்கு 18 வயது ஆக வேண்டும். அதுவரை அவள் பின் சீட்டில்தான். ஆர்.டி.ஓ அலுவலகத்தில் பதிவைப் புதுப்பித்ததும், இரண்டு ஹெல்மெட்டோடு செங்கல்பட்டுக்குக் கிளம்பினோம். வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்த பெரியப்பா, கிக்கரில் காலை வைத்தார்.

"தாத்தா, முதல்ல பெட்ரோல் டேப்பைத் திறங்க" என்றாள் மகள்.

"என் வண்டியை எனக்கே சொல்லித் தர்றியா?" என்று சிரித்துக்கொண்டே குனிந்து திறந்தார்.