ராகுகாலம் தெரிகிறதா?

எங்கள் வீட்டுத் தினசரி காலண்டரில் ராகுகாலம், எமகண்டம், சூலம் எல்லாம் பொடி எழுத்தில் இருக்கும். காலையில் நாங்கள் அதன் முன்னால் நிற்பது நல்ல நேரம் பார்க்க அல்ல. மகனின் முதல் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து, மேல்பாதியை மட்டும் அடுப்புச் சுடரில் காட்டி, சூடானதும் அந்தத் தாளுக்கு முன்னால் தூக்கிப் பிடிப்போம். குழாய் வழியே பொடி எழுத்து பளிச்சென்று தெரிந்தால் ஒன்றுமில்லை, நோட்டில் ‘நில்’. மங்கினாலும் வாசிக்க முடிந்தால் ஒரு பிளஸ். ராகுகாலம் மறைந்து, தடித்த தேதி மட்டும் தெரிந்தால் இரண்டு. தேதியும் மறைந்தால் மூன்று. திரிந்த பால்போலக் கட்டி கட்டியாக நின்றால் நான்கு. கலங்கல் தெரிந்த நாளில் இரண்டு சொட்டு வினிகரும் விட்டுப் பார்க்க வேண்டும். தெளிந்துவிட்டால் அது வெறும் உப்பு, தெளியாவிட்டால் புரதம்.

“குழாய் வாயை உங்க பக்கம் திருப்பாதீங்கக்கா, பொங்கித் தெறிச்சிரும்” என்று முதல்முறை கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தவர் வார்டு நர்ஸ். நெஃப்ரோடிக் பிள்ளை உள்ள வீடுகளில் இதெல்லாம் பல் தேய்ப்பதைப் போல அன்றாடம் ஆகிவிடும். இந்த நோயில் சிறுநீரகத்தின் வடிகட்டி விலகி, ரத்தத்தில் நிற்க வேண்டிய ஆல்புமின் சிறுநீரில் ஒழுகுகிறது. பெரும்பாலும் இரண்டு வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடையில் தொடங்கும். ஸ்டீராய்டு மாத்திரைக்குப் பெரும்பாலான பிள்ளைகள் கேட்பார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் திரும்பவும் வரும். ஒரு சாதாரணச் சளியே அதைக் கிளப்பிவிடப் போதும்.

இந்தச் சுடர்ச் சோதனை எவ்வளவு பழையது என்று தேடிப் போனதில் எனக்குப் பெரிய சந்தோஷம். லண்டனில் கைஸ் மருத்துவமனையில் இருந்த ரிச்சர்ட் பிரைட், உடம்பு வீங்கி வந்தவர்களின் சிறுநீரைக் கரண்டியில் எடுத்து மெழுகுவர்த்திச் சுடரில் காட்டிப் பார்த்தார். வீக்கத்தையும் உறைகிற சிறுநீரையும் கெட்டுப்போன சிறுநீரகத்தையும் சேர்த்து வைத்து 1827இல் புத்தகம் போட்டார். நம் பக்கத்தில் சித்தர் தேரையர் பெயரில் வழங்கும் நெய்க்குறி உண்டு. சிறுநீரில் நல்லெண்ணெய்த் துளியை விட்டு, அது பாம்பாக நீண்டால் வாதம், மோதிரமாக வளைந்தால் பித்தம், முத்தாக நின்றால் கபம் என்று பார்ப்பது. எண்ணெய்த் துளி ஆல்புமினைக் காட்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த வைத்தியரும் விடியற்காலை நீரைத்தான் கேட்டிருக்கிறார், எங்கள் டாக்டரும் அதையேதான் கேட்கிறார். ராத்திரி முழுக்க உடம்புக்குள் நடந்ததைத் தெரிந்துகொள்ள விடியற்காலையில் ஒரு பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்த எல்லோர் மேலும் எனக்குப் பிரியம் வந்துவிட்டது.

டாக்டரை எப்போது கூப்பிடுவது என்பதற்கு இந்தக் குழாய் பாதி பதில்தான் சொல்லும். மூன்று பிளஸ் வந்த அன்றைக்கே யாரும் ஓட வேண்டியதில்லை. மூன்றோ நான்கோ மூன்று காலை அடுத்தடுத்து வந்தால்தான் நோய் திரும்பிவிட்டது என்று கணக்கு. அப்போது போன் செய்தால் டோஸை ஏற்றச் சொல்வார்கள். பார்க்கிறவர்களுக்கோ பிள்ளையின் முகம்தான் பெரிதாகத் தெரியும். காலையில் இமை அதைத்து, கண் கீறலாகத் தெரியும்போது ஆச்சி பதறிப்போவாள். “கண்ணு பட்டிருக்குத் தாயீ” என்று உப்பையும் மிளகாயையும் சுற்றிப் போடுவாள். அந்த அதைப்புக்குப் பெரும்பாலும் பகல் வரை பொறுக்கலாம்; வீக்கம் கூடிக்கொண்டே போனாலோ மூச்சு வாங்கினாலோ மட்டும் பொறுக்கக் கூடாது.

ஒரு நிமிஷமும் பொறுக்கக் கூடாதது எது தெரியுமா? “வயிறு வலிக்குதும்மா.” பள்ளிக்கூடம் போகிற எந்தப் பிள்ளைதான் திங்கட்கிழமை காலையில் இதைச் சொல்லவில்லை! மற்ற வீட்டில் ஓம வாட்டரோடு முடிகிற பேச்சு இது. உடம்பில் நீர் கோத்த பிள்ளைக்கு அப்படியில்லை. ஆல்புமினோடு சேர்ந்து, கிருமியை எதிர்க்கும் புரதங்களும் சிறுநீரில் போய்விடுகின்றன. வயிற்றுக்குள் தேங்கிய நீரில் நியூமோகாக்கஸ் போன்ற கிருமி புகுந்தால் தடுக்க ஆளில்லை. போதாததற்கு, ஸ்டீராய்டு காய்ச்சலையும் வலியையும் அமுக்கி வைக்கும். அதனால் லேசான காய்ச்சலோடு லேசான வயிற்று வலி என்றால், அது லேசானதே இல்லை. ராத்திரி எத்தனை மணியானாலும் கூப்பிட வேண்டும்.

வாந்தியும் அப்படித்தான். ஸ்டீராய்டை வெகுநாள் எடுத்த உடம்பு, தான் சுரக்க வேண்டியதைச் சுரக்க மறந்திருக்கும். மாத்திரை வயிற்றில் தங்கவில்லை என்றால் திடீரென்று நிறுத்தியதற்குச் சமம், பிள்ளை துவண்டுவிடும். கை கால் சில்லிட்டு, சிறுநீர் குறைந்து, எழுந்தால் தலை சுற்றுகிறது என்றாலும் உடனே கூப்பிட வேண்டும். உடம்பெல்லாம் தண்ணீர் கோத்திருக்கும்போதே ரத்தக்குழாய்க்குள் தண்ணீர் போதாமல் இருப்பதுதான் இந்த நோயின் கொடுமை. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தம் உறைந்திருக்கலாம். இத்தனையும் காலண்டர் தாளில் தெரியாது.

பிள்ளை சிரித்து விளையாடிக்கொண்டிருக்கும்போதே கூப்பிட வேண்டிய ஒரு சமயமும் உண்டு: கூடவே விளையாடுகிற பிள்ளையின் வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கினால். நம் ஊரில் அம்மை வந்த வீட்டார் டாக்டரிடம் போகத் தயங்குவார்கள். வெளியில் சொல்லவும் மாட்டார்கள். நல்லவேளையாக வாசல் சொல்லிவிடும். கூடிய டோஸ் ஸ்டீராய்டில் இருக்கும் பிள்ளைக்குச் சின்னம்மை உயிருக்கே ஆபத்தாக முடியலாம். தொடர்பு ஏற்பட்ட முதல் சில நாளுக்குள் தெரிந்தால் தடுப்புப் புரத ஊசியோ மருந்தோ கொடுக்க வழியுண்டு. கொப்புளம் வரட்டும் என்று காத்திருந்தால் அந்த வழி போய்விடும்.

இதே நோய்க்கு ஒரு காலத்தில் அம்மையையே மருந்தாகக் கொடுத்திருக்கிறார்கள்! இது சின்னம்மை அல்ல, தட்டம்மை. வியன்னாவில் ஃபான் பிர்க்கே என்ற குழந்தை மருத்துவர் 1908இல் ஒன்றைக் கவனித்து எழுதினார். காசநோய் பார்க்கும் தோல் பரிசோதனையில் தடிப்பு வந்துகொண்டிருந்த பிள்ளைகளுக்கு, தட்டம்மை போட்டிருக்கும் நாட்களில் மட்டும் அந்தத் தடிப்பு வருவதில்லை. உடம்பின் காவல் கொஞ்ச காலம் தூங்கிப்போகிறது. வீங்கிக் கிடந்த நெஃப்ரோடிக் பிள்ளைகளுக்கும் வார்டில் தட்டம்மை தொற்றியது. சிலருக்குச் சிறுநீர் தாராளமாகப் பிரிந்தது, வீக்கம் வடிந்தது, ஆல்புமின் நின்றது. அமெரிக்காவில் டாக்டர்கள் 1940களில் துணிந்து, அந்தப் பிள்ளைகளுக்கு வேண்டுமென்றே தட்டம்மையைத் தொற்ற வைத்தார்கள். வேறு எதுவும் கையில் இல்லாத காலம். பென்சிலின் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது; அதற்கு முன் இந்தப் பிள்ளைகள் சிறுநீரகம் கெட்டுப் போனதைவிடக் கிருமி தாக்கித்தான் அதிகம் போனார்கள். தட்டம்மையும் நிமோனியாவைக் கூட்டிவரக் கூடியது. அது தெரிந்தும் ‘கொடுங்கள்’ என்று தலையசைத்த அம்மாக்களை நான் நினைக்காத நாள் குறைவு. எந்தக் காய்ச்சலுக்காக அவர்கள் சாமி கும்பிட்டிருப்பார்கள்? ஏறினால் பயம், ஏறாவிட்டால் அதைவிடப் பயம்.

சில வருஷத்திலேயே ஸ்டீராய்டு வந்து, தட்டம்மை வைத்தியம் நின்றுபோனது. ஆனால் அந்தப் பிள்ளைகள் பட்டது வீண்போகவில்லை. கோளாறின் வேர் சிறுநீரகத்தில் அல்ல, டி செல் என்னும் வெள்ளணுக்களில் இருக்கலாம் என்று 1974இல் ஷால்ஹூப் என்ற மருத்துவர் எழுதியபோது, தட்டம்மையில் நோய் அடங்குவதையும் ஒரு தடயமாக வைத்தார். இன்று டோஸ் ஏற்றும்போதெல்லாம், வார்டுக் கட்டிலில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறியதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்த யாரோ ஒரு தாயின் கை என் ஞாபகத்துக்கு வருகிறது.

எனக்குக் கோபம் வருவது டிஸ்சார்ஜ் சம்மரியைப் பார்த்தால்தான். பக்கம் பக்கமாக ஆங்கிலம். கடைசியில் ‘ரிவ்யூ எஸ்.ஓ.எஸ்.’ தேவைப்பட்டால் வாருங்கள் என்று அர்த்தம். தேவை எது என்று தெரிந்திருந்தால் நாங்கள் ஏன் நடுராத்திரியில் போனைக் கையில் வைத்துக்கொண்டு, ‘தூங்குவாரோ, திட்டுவாரோ’ என்று உட்கார்ந்திருக்கப் போகிறோம்? மேலே சொன்ன நாலைந்து விஷயத்தைத் தமிழில் பெரிய எழுத்தில் முதல் பக்கத்தில் அச்சடித்து, கீழே ஒரு போன் நம்பர் கொடுத்தால் போதும். நல்ல டாக்டர்கள் வாயால் சொல்லத்தான் செய்கிறார்கள். டிஸ்சார்ஜ் அன்றைக்கு, பில் கட்டுகிற அவசரத்தில், எந்த அம்மாவின் காதில் விழும்?

ஓ.பி.யில் ஒரு பாட்டியம்மாவைப் பார்த்தேன். பேரனைத் தனியாக வளர்க்கிறவர். எழுதப் படிக்கத் தெரியாது. நாற்பது பக்க நோட்டில் நாளுக்கொரு வரி, பிளஸுக்குப் பதில் புள்ளி வைத்திருந்தார். காலண்டர் எழுத்தை வாசிக்க முடியாதவர் எழுத்து மங்குவதை மட்டும் பார்த்து வைத்த புள்ளிகள். லேப் ரிப்போர்ட்டோடு ஒத்துப் பார்த்த டாக்டர் தலையாட்டிக்கொண்டார். சில வரிகளில் புள்ளிக்குப் பக்கத்தில் நெடுக ஒரு கோடு.

“இது என்ன பாட்டி?”

“அன்னைக்கு அவன் தெருவுக்கு எறங்கல சாமி.”

டாக்டர் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினார். சில இடங்களில் கோடு முதலில் வந்து, நாலு புள்ளி பிறகு வந்திருந்தது. “இனிமே கோடு போட்ட அன்னைக்கே எனக்குப் போன் பண்ணுங்க. புள்ளிக்காகக் காத்திருக்க வேண்டாம்” என்றார். அட்டையின் உள்பக்கத்தில் தன் நம்பரைப் பெரிதாக எழுதிக் கொடுத்தார். அந்த எண்களையாவது அடையாளம் தெரிகிறதா என்று பாட்டியம்மாவிடம் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டிக் கேட்டார். வரிசையில் அடுத்து நின்ற நான் என் நோட்டை எடுத்து, ஆல்புமின், எடை, மாத்திரை என்ற கட்டங்களுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு, ‘விளையாடினானா?’ என்று எழுதிக்கொண்டேன்.