யார் யாருக்குத் தெரியும்?

தொழுநோய்ப் பிரிவில் சமூகப் பணியாளனாக இருந்த காலத்தில், எங்கள் ஆய்வுப் படிவத்தில் மாத்திரை, ஊனம், வருமானம் என்று எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கும். உலக சுகாதார நிறுவனம் 1981-ல் பரிந்துரைத்த கூட்டு மருந்து சிகிச்சையால் நோய் குணமாகிவிடும். குணமானவர்களின் பயம் மட்டும் போகாது. அதற்குக் கட்டம் கிடையாது.

சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1963-ல் வெளியிட்ட 'ஸ்டிக்மா' என்ற புத்தகம் அங்கேதான் கைகொடுத்தது. களங்கம் கண்ணுக்குத் தெரிபவருக்கு மற்றவர்களின் முகச்சுளிப்பைச் சமாளிப்பது பாடு. தெரியாதவருக்கோ யாரிடம் சொல்வது, யாரிடம் மறைப்பது என்பதே ஓயாத கவலை என்கிறார்.

அதைப் படித்தபின், "யார் யாருக்குத் தெரியும்?" என்று ஒரு கேள்வி சேர்த்தேன். ஊனம் எதுவும் இல்லாத ஒரு அம்மா சொன்னார்: "மகனுக்குத் தெரியும் சார். மருமகளுக்குத் தெரியாது. ஜீப்புல வீட்டுக்கு வந்துடாதீங்க."

பழைய படிவத்தின்படி அவருக்குப் பிரச்சினையே இல்லை! கோட்பாடு பதில் சொல்லவில்லை. எங்கே காது கொடுக்க வேண்டும் என்று காட்டியது. அதன்பிறகு அவரை ஆஸ்பத்திரியிலேயே பார்த்தோம்.

தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாக்கிய சட்டப்பிரிவுகள் நம் நாட்டில் 2019-ல்தான் நீங்கின. அந்த அம்மா பயந்ததில் என்ன தப்பு?